வாயில்லா உயிரின் முதுமை

சென்ற ஆண்டு அட்சய திருதியை நாளில் ஜிநாலயத்தில் பூசை முடிந்து திருச்சுற்றில் அமர்ந்திருந்தோம். முன்னாளில் நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்ற பெண்மணி ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். இன்று அவரே பேரன் கண்டவர். சிறிது நேரம் வேறு பேச்சுப் பேசியிருந்துவிட்டு, "டீச்சரம்மா, எங்கள் வீட்டு நாய்க்கு 13 வயது ஆகிறது. எழுந்து நிற்கவே தடுமாறுகிறது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது பாவம்தானே?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

நாம் உடனே விடை கூறவில்லை. "அது நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?" என்று வினவினோம். அவர் திகைத்தார். "அதைக் கவனிக்கவில்லையே" என்றார்.

அவர் கேட்டது பாவ புண்ணியத்தைப் பற்றி. நாம் கேட்டதோ தண்ணீரைப் பற்றி. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்பதை அன்று அவருக்கு முழுமையாக எடுத்துரைக்கப் பொழுது இல்லை. அதனை ஈண்டு எழுதுகிறோம்.

அறநெறி இதழில் நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். சீவக சிந்தாமணியைப் பயின்றோர் அவ்வாறு எண்ணார். அந்தணர்க்கு ஆக்கிய உணவைத் தீண்டிய குற்றத்திற்காக அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதியதும், அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து பின்னாளில் அவனுக்கே துணை நின்றதும் குணமாலையார் இலம்பகத்தில் வருவன. இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மந்திரத்தின் பெருமையை மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். அதில் பிறிதொன்றும் உண்டு. அந்த நாய் பிழைக்காது என்று கண்டவன் சீவகன். கண்டபின் அவன் விலகிச் செல்லவில்லை. துன்பத்தை விரைந்து முடித்துவிடலாம் என்று வாளையும் எடுக்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள இடம் மிகக் குறுகியது. அதில் நிற்பது எளிதன்று என்பதை நாம் எழுபது வயதை நெருங்கியபோதுதான் கற்றோம்.

எம் இல்லத்திற்கு மணி வந்தது 2008-ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது. பால் வாங்கச் சென்ற எம் கணவர், தெருவோரக் கால்வாயில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தோள்துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சாதாரண நாட்டு நாய், செம்பழுப்பு நிறம், வளர்ந்தபோது 15 கிலோ எடை. எங்கள் வீட்டுச் சோறும் தயிரும் பருப்பும் உண்டே வளர்ந்தது. (நாய் ஊன் இன்றி வாழாது என்பர் சிலர். பூனையின் இயல்பு வேறு, நாயின் இயல்பு வேறு. புரதம் முதலியன குறைவுபடாமல் மருத்துவரைக் கேட்டு அமைத்தால் மரக்கறி உணவில் நாய் வாழும்.) 2016-இல் எம் கணவர் மறைந்தார். அதன்பின் அவருடைய சாய்வு நாற்காலியின் கீழேயே மணி படுத்துக்கொள்ளலாயிற்று. இதனை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்வோம்.

2019-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அதன் நடத்தை மாறிற்று. தட்டருகே வரும், முகரும், விலகிப் போகும். சில நாள் உண்ணும்போது வாயின் ஒரு பக்கமாகவே மெல்லும். பாதிச் சோறு கீழே சிந்தும். தலையைத் தடவ வந்த கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "வயதாகிவிட்டது" என்றோம். பக்கத்து வீட்டாரும் அதையே சொன்னார்கள். இப்படியே ஆறு வாரங்கள் சென்றன. ஒருநாள் அதன் இடக்கண்ணின் கீழே வீக்கம் கண்டு, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று கருதிக் கால்நடை மருந்தகத்திற்கு ஆட்டோவில் கொண்டு சென்றோம். மருத்துவர் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தார். மேல்தாடைப் பெரிய பல் உடைந்து வேரில் சீழ் கட்டியிருந்தது. நாய்க்கு அந்தப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறதாம். குருதிச் சோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்து, பல்லைப் பிடுங்கினார்கள். நான்காம் நாள் மணி தட்டை நக்கித் தீர்த்து, அத்தட்டைத் தாழ்வாரம் முழுவதும் தள்ளிக்கொண்டு போயிற்று. ஆறு வாரங்களாக நாம் முதுமை என்று பெயரிட்டிருந்தது முதுமையே அன்று. சீழ் வைத்த ஒரு பல்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. கொல்லாமையை நாள்தோறும் ஓதுகிறோம். நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கு இவ்வளவு அஞ்சும் நாம், கண்முன் கிடந்த ஐயறிவும் மனமும் உடைய உயிரின் வலியை ஆறு வாரம் காணவில்லை. உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிருக்கு ஊறு செய்தல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால் செய்யும் ஊறு என்று வரையறுத்தார். பலமுறை பாடம் சொன்ன சூத்திரந்தான். பல் பிடுங்கிய அன்றுதான் அது நமக்குப் புரிந்தது.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்தவற்றுள் இன்றும் மறவாத ஒன்று உண்டு. ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, ஒரு மாதம் அதன் நடத்தையைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். "சோம்பேறி", "முரடன்" என்றெல்லாம் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். "10 மணிக்குக் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினான்" என்று எழுதினால் ஏற்பார். கண்டதை எழுது, முடிவை எழுதாதே என்பது கட்டளை. மணிக்கும் அவ்வாறே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். அது நமக்குக் கற்பித்தவற்றுள் சிலவற்றைச் சொல்கிறோம். வயதான நாயை இல்லத்தில் வைத்திருப்போர்க்குப் பயன்படக்கூடும்.

நாய் வலியைக் கத்திச் சொல்லாது. கத்தவில்லை, ஆதலால் வலி இல்லை என்று கொள்வதே பெரும் பிழை. வெயிலில் ஓடாமலேயே நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தல், ஓரிடத்தையே ஓயாது நக்குதல், படுக்குமுன் பலமுறை சுற்றிச் சுற்றி வருதல், வழக்கமாகத் தாவி ஏறும் திண்ணையின் கீழே நின்று மேலே நோக்குதல், தொட்டால் உறுமுதல், மனிதரை விட்டு ஒதுங்கி இருட்டறையில் கிடத்தல் ஆகிய இவையே அதன் மொழி. மூட்டு வாதம் உள்ள நாய் உறங்கி எழும்போது விறைத்து நிற்கும். பத்து அடி நடந்தபின் சற்று இளகும். மார்கழிக் குளிரில் இது மிகும். தரை வழுக்கும் பளிங்காய் இருந்தால் அஞ்சி நடக்கவே மறுக்கும். எம் தாழ்வாரத்தில் பழைய சணல் சாக்குகளை விரித்தோம்; மணி மீண்டும் வாசல்வரை வரத் தொடங்கியது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

கண்ணில் நீலம் படர்ந்தால் குருடாகிவிட்டது என்று அஞ்சவேண்டா. வயதில் கண்ணாடி வில்லை இறுகுவதால் வரும் மங்கல் அது. பார்வை பெரும்பாலும் இருக்கும். புரை என்பது வேறு. அதனை மருத்துவரே பிரித்தறிவார். அழைத்தால் வராத நாயைப் பிடிவாதம் பிடிக்கிறது என்று கடிந்துகொள்கிறோம்; செவி கேளாமல் போயிருக்கும். மணிக்கு 2020-இல் செவி அடைத்தது. தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்க்கும்.

இரவில் உறங்காது உலவுதல், சுவரைப் பார்த்து மூலையில் நிற்றல், கதவின் திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கத்தில் காத்து நிற்றல், பழகிய ஒழுக்கம் மறந்து வீட்டினுள் சிறுநீர் கழித்தல் ஆகியன மனிதர்க்கு வரும் மறதி நோய் போன்றதொரு நோயின் குறிகள். இரு சாரார் மூளையிலும் ஒரே வகைப் புரதப் படிவைக் கண்டிருக்கிறார்கள். மறதியால் அசுத்தம் செய்த நாயை அடிப்பவர், அறியாத குழந்தையை அடிப்பவரே. ஆனால் அதே குறி சிறுநீரக நோயாலும் வரலாம், நீரிழிவாலும் வரலாம். எனவே இதையும் வயதென்று ஒதுக்கலாகாது.

இனி அந்தத் தண்ணீர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்தால் போதும். ஒரு கிலோ உடல் எடைக்கு 50, 60 மில்லி என்பது ஏறத்தாழ இயல்பு. 100 மில்லியைத் தாண்டினால் நோய் உண்டென்று கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுநீரகம் முக்கால் பங்கு செயலிழந்த பின்பே வழக்கமான குருதிச் சோதனையில் தெளிவாகத் தெரியுமாம். தண்ணீர்ப் பாத்திரம் அதற்கு முன்பே சொல்லிவிடும். உறங்கும்போது மூச்சையும் எண்ணலாம். நிமிடத்திற்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கச் சொல்ல வேண்டும். இவற்றிற்கெல்லாம் படிப்பு வேண்டா. ஒரு படியும் ஒரு கடிகாரமும் போதும்.

ஓர் எச்சரிக்கை. இரக்கத்தால் நம் வீட்டு வலி மாத்திரையை உடைத்து நாய்க்குக் கொடுப்போர் உளர். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் போக்கும். பாராசிட்டமாலும் ஆபத்தே. அறிவில்லாத இரக்கம் கொலையில் முடியும் இடங்களுள் இது ஒன்று.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அம்மையார் 2004-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் என ஏழு பாடங்கள்; ஒவ்வொன்றிற்கும் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் அவ்வாழ்வு ஏற்கத்தக்கது என்பது அவர் கணிப்பு. எம் மகன் இதை அச்செடுத்து அனுப்பியபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நம் பள்ளித் தேர்ச்சி எல்லையும் 35 அல்லவா! உயிருக்கு மதிப்பெண் இடுவதா என்ற கூச்சம் நமக்கு இன்றும் உண்டு. எனினும் அதனைப் பயன்படுத்தினோம். அம்மையார் அதனை எப்போது நிறுத்துவது என்று அறியவும் வகுத்தார். நாம் எந்தப் பாடத்தில் பின்தங்குகிறது, எதைச் சீர்செய்யலாம் என்று அறிய வைத்துக்கொண்டோம். தூய்மையில் மதிப்பெண் குறைந்தால் அது நாயின் தோல்வி அன்று. நம் கையின் சோம்பல்.

2021 கார்த்திகையில் மணி நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பதைக் குறிப்பேடு காட்டிற்று. சிறுநீரகம் பழுது. மருத்துவர் உணவை மாற்றினார். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். இரவு மாத்திரையை உணவோடு கொடுக்க வேண்டும் என்றார். பொழுது சாய்ந்தபின் இவ்வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை, ஒருநாள் தயங்கினோம். பின்பு, நம் விரதம் நமக்கு, அதன் மருந்து அதற்கு என்று பகலிலேயே சோற்றைப் பிசைந்து எடுத்து வைத்து இரவில் ஊட்டினோம்.

தையில் அது மிகவும் தளர்ந்தது. எம் மகன் தொலைபேசியில், "அம்மா, அதை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள்? வலியில்லாமல் அனுப்பிவிடலாமே" என்றான். மருத்துவரும் மென்மையாக அதையே குறிப்பிட்டார். இருவரும் கொடியவர் அல்லர்.

நாம் மறுத்தோம். எம் காரணத்தைச் சொல்கிறோம். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை என்று தீர்ப்பளித்தபோது நம்மவர் நாடெங்கும் ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அன்று நாம் எடுத்துரைத்த வாதம் யாது? சல்லேகனை தானே உணர்ந்து, தானே விரும்பி, குருவின் இசைவோடு ஏற்கும் நோன்பு. பிறர் ஒருவர் மேல் சுமத்துவதன்று என்பதே. அவ்வாதம் உண்மையாயின், வாய் திறந்து இசைவு சொல்ல இயலாத நாயின் சார்பில் நாம் எவ்வாறு முடிவு செய்ய இயலும்? காந்தியடிகள் 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயுற்ற கன்று ஒன்றினை மருத்துவரைக்கொண்டு ஊசி மூலம் உயிர்நீக்கச் செய்து, அதனைத் தாமே ஏட்டில் வெளியிட்டு, அகிம்சையே என்று வாதிட்டார். சமணர் உள்ளிட்ட பலர் சினந்து எழுதினர். அவர் நெஞ்சில் தன்னலம் இல்லை என்பதை ஏற்கிறோம். அவர் முடிவை ஏற்கவில்லை. ஆயினும் அவரை வைதவருள் எத்தனைபேர் ஒரு கன்றின் புண்ணைக் கழுவியிருப்பார்கள் என்ற ஐயமும் நமக்கு உண்டு. நோயுற்ற நாயைக் கொல்லைப்புறத்தில் கட்டிவைத்துப் பாராதிருப்பவர்க்கும், வண்டியில் ஏற்றி ஊர்க்கோடியில் இறக்கிவிட்டு வருபவர்க்கும், ஊசி போட்ட குடும்பத்தைப் பழிக்கும் உரிமை இல்லை. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நமக்கோ அச்சட்டத்திற்கு முன்பே சட்டம் உண்டு. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்னும் ஐந்தும் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் அல்லவா?

"அதன் வினை, அனுபவிக்கிறது" என்று சொல்வோரும் நம்மில் உளர். வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுப்பதற்குக் கூறப்பட்டது. பிறர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதனை எடுத்துக்கொள்ளலாகாது. ஆதலின் வலி தணிக்கும் மருந்தைத் தடையின்றிக் கேட்டு வாங்கினோம். சிறுநீரகத்தைக் கெடுக்காத வகையை மருத்துவர் தேர்ந்து கொடுத்தார்.

கடைசி எட்டு நாள் மணி உணவை மறுத்தது. திணிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. தட்டும் தண்ணீரும் எட்டும் தொலைவில் இருந்தன. ஈரத்துணியால் வாயை நனைத்தோம். புண் வாராதபடி மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தோம். வர்த்தமானர் முற்பிறவியில் சிங்கமாய் இருந்து முனிவர் உரை கேட்டு உண்ணா நோன்பேற்ற கதை நினைவுக்கு வந்தது. எம் மணியை அதனோடு ஒப்பிட நாம் துணியவில்லை. விலங்கின் மறுப்பில் விருப்பம் எவ்வளவு, நோய் எவ்வளவு என்பதை நாம் அறியோம்.

சல்லேகனைக்கும் ஐந்து அதிசாரங்கள் கூறுவர். நெடிது வாழ ஆசைப்படல், விரைந்து இறக்க ஆசைப்படல், நண்பர் மேல் பற்று என்பன அவற்றுள் மூன்று. அந்த எட்டு இரவுகளில் இம்மூன்றும் மணியிடம் இல்லை, எம்மிடம் இருந்தன. அந்தச் சாய்வு நாற்காலியின் கீழ் அது கிடக்கும்வரை எம் கணவரும் வீட்டில் இருப்பது போலத் தோன்றிற்று. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று வேண்டியது யாருக்காக? ஆறாம் இரவு அது விட்டுவிட்டு முனகிற்று. "இது முடிந்தால் போதும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டோம். அதுவும் யாருக்காக? அவ்வேளையில் மருத்துவர் ஊசியோடு அருகில் நின்றிருந்தால் எம் உறுதி நிலைத்திருக்குமா என்று இன்றும் சொல்ல இயலவில்லை. காலையில் அவர் வந்து மருந்தின் அளவைக் கூட்டினார்; முனகல் நின்றது.

எட்டாம் நாள் விடியலில் ஐம்பத மந்திரத்தை அதன் செவியில் ஓதினோம். செவி கேளாது என்பது நினைவில் இருந்தது. மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டு ஓதினோம். அதிர்வையாவது உணரட்டும் என்று. ஒருமுறை வாலின் நுனி அசைந்தது போல் இருந்தது. குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. உறுதியாகக் கண்டதாகச் சொல்ல இயலாது.

அட்சய திருதியை கழிந்து பத்து நாள் சென்றபின் அந்தப் பெண்மணி இல்லத்திற்கே வந்தார். தண்ணீர் அளவு இயல்பாகவே இருந்ததாம். மருத்துவரிடம் கொண்டு சென்றதில் இடுப்பு மூட்டில் வாதம் என்று கண்டு மருந்து கொடுத்தாராம். "நேற்று வாசற்படி இறங்கிற்று, டீச்சரம்மா. ஏறத்தான் முடியவில்லை" என்றார். இரண்டு சாக்குகளை எடுத்துக் கொடுத்தனுப்பினோம்.